தாய்வீட்டுக்கு வந்த பெண்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் மழை வலுத்தால் இன்றைக்கும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. மலேசியாவில், மலாக்கா பக்கத்துப் பாயா ரும்புட்டில் நாங்கள் குடியிருக்கும் வீடு மேட்டில் இருக்கிறது. வாசல்படி வரைகூடத் தண்ணீர் வந்ததில்லை. அது எனக்கும் தெரியும். இருந்தும் கூரையில் சத்தம் கேட்டதும் எழுந்துபோய் டார்ச்லைட் எரிகிறதா என்று பார்ப்பேன், கைப்பேசியைச் சார்ஜில் போடுவேன், பிறகு ஜன்னலருகே நின்றுகொள்வேன். என் கணவர் கேலி செய்வார். "மழை பேஞ்சா ஊருக்கெல்லாம் குளுருது, உனக்கு மட்டும் வேர்க்குது லா," என்பார். அவர் லாரி ஓட்டியவர். மழை வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடிக்கலாம். என் வேலை அப்படிப்பட்டது அல்ல.

ஜாசினிலிருந்து உள்ளே போகும் தோட்டப்பகுதியில் நான் சமூகத் தாதியாக இருந்தேன். இந்தப் பெயர் அரசாங்கக் கடிதத்தில்தான் வரும். வாய் வார்த்தையில் நாங்கள் எல்லாருமே மிஸ்ஸிதான். நான் ராணி மிஸ்ஸி. கர்ப்பிணிகளைச் சோதிப்பது, பிள்ளை பெற்றவளை வீடு தேடிப்போய்ப் பார்ப்பது, குழந்தைகளுக்கு ஊசி போடுவது, சர்க்கரைக்காரர்களைத் திட்டுவது, இதெல்லாம் அன்றாடம். வெள்ளம் வந்தால் யார் எங்கே இருப்பார்கள், யாரை முதலில் வெளியே கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதும் எங்கள் வேலைதான். அதை யாரும் பார்க்க முடியாது. ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் இவள் என்ன வேலை பார்த்தாள் என்று கேட்பார்கள்.

போன மாதம் பழைய கிளினிக்குக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே இருக்கும் திவ்யா ஒரு டேப்லெட்டை எடுத்துக் காட்டினாள். திரையில் வரைபடம், அதில் புள்ளி புள்ளியாகக் கர்ப்பிணிகள். "பாத்தீங்களாக்கா, யார் எங்க இருக்காங்கன்னு ஒரே பார்வையில தெரிஞ்சிரும்," என்றாள். நல்ல ஏற்பாடு. குறை சொல்வதற்கில்லை. "இந்தப் புள்ளி அவ வீடா, இல்ல அவ இருக்கிற எடமா?" என்று கேட்டேன். திவ்யா கெட்டிக்காரி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கலாவோட கதைதானே? எல்லாரும் அரைகுறையாத்தான் சொல்றாங்க. நீங்களே எழுதிக் குடுங்கக்கா," என்றாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடுதிச் சோறு, கஞ்சி போட்டுத் தேய்த்த உடுப்பு, வீட்டு ஞாபகத்தில் கொஞ்சம் அழுகை. வேலையை எனக்கு உண்மையில் கற்றுக்கொடுத்தது எங்களுக்கு மேலே இருந்த சிஸ்டர் நூர்ஜஹான்தான். மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். ஒல்லியான உருவம், மெல்லிய குரல். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பதிலாக அவரிடம் ஒரு சொல் இருந்தது. "அப்புறம்?"

திடீரென்று கிளினிக்குக்கு வருவார். வந்ததும் மெயின் சுவிட்சை அணைப்பார். "கரண்ட் போச்சு ராணி. என்ன செய்வே?"

"தடுப்பூசி ஃபிரிட்ஜைத் திறக்க மாட்டேன் சிஸ்டர்."

"அப்புறம்?"

"ரொம்ப நேரம் வரலன்னா ஐஸ் பேக்கை எடுத்து வெளியில வெப்பேன். அது வேர்க்கணும். ஆட்டிப் பார்த்தா உள்ள தண்ணி அசையுற சத்தம் கேக்கணும். அதுக்கப்புறம்தான் பெட்டியில அடுக்கணும். அவசரப்பட்டு வெச்சா மருந்து உறைஞ்சு கெட்டுப்போயிரும்."

"அப்புறம்?"

இப்படியே போகும். பிரசவப் பையை இரண்டு பிளாஸ்டிக் உறையில் கட்டி மேல் தட்டில் வைக்க வேண்டும். ஏன் மேல் தட்டு? கீழே வைத்தால் முதலில் நனைவது அதுதான். சிறுநீரகம் கெட்டு இரத்தம் சுத்திகரிப்பவர்களை, மழை தொடங்கும் முன்பே டவுனில் உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அப்புறம்? அவர்கள் நிவாரண மண்டபத்தில் மாட்டிக்கொண்டால் யாரோ நல்ல மனதோடு வாழைப்பழமும் இளநீரும் கொடுப்பார்கள். அவர்களுக்கு அது விஷம். பக்கத்தில் இருந்து பிடுங்க வேண்டும். ஆக்சிஜன் மெஷினில் இருக்கும் பெரியவருக்கு மின்சாரம் போனால் எத்தனை நேரம் தாங்கும்? எனக்குப் பதில் தீர்ந்துபோகும் வரை அவர் கேட்பார். தீர்ந்ததும், "சரி, யோசிச்சு வை," என்று சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போவார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது. இந்த அம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா என்று வாய்க்குள்ளே முணுமுணுப்பேன். ஆனால் அடுத்த முறை எனக்குப் பதில் தெரிந்திருக்கும்.

கலாவின் கதை நடந்த வருடம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. எங்கள் பகுதியில் ஆத்தங்கரைத் தோட்டம் என்று ஒன்று உண்டு. எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். அதன் கீழ்ப்பிரிவு ஆற்றை ஒட்டியிருந்தது. ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்து வரிசை வீடுகள் சில அங்கே மிச்சமிருந்தன. தண்ணீர் ஏறினால் முதலில் அங்கேதான் ஏறும். அதனால் அங்கிருந்த கர்ப்பிணிகள் இருவரையும் முன்னதாகவே ஜாசினில் சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பியிருந்தேன். சிறுநீரக நோயாளி ஒருவர் டவுனுக்குப் போய்விட்டார். சிஸ்டர் போனில் கேட்டார், "கீழ்ப்பிரிவுல புள்ளத்தாச்சி யாரும் இல்லையே?" யாரும் இல்லை என்றேன். அப்புறம் என்று அவரும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தவரை அது உண்மைதான்.

விடிந்ததும் ஆறு கரையை மீறிவிட்டது என்று தகவல் வந்தது. எஸ்டேட் லாரி கீழ்ப்பிரிவு ஜனங்களை ஏற்றிக்கொண்டு வந்து தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் இறக்கியது. நான் மருந்துப் பெட்டிகளோடு அங்கே போனேன். ஈரத் துணி நாற்றம், குழந்தைகளின் கூச்சல், பிளாஸ்டிக் பைகளில் அடையாள அட்டையும் நகையும். கொஞ்ச நேரத்தில் பாலத்தை இணைக்கும் சாலையும் மூழ்கிவிட்டது. ஒரு மேசையைப் போட்டு, பிரஷர்க்காரர்களையும் சர்க்கரைக்காரர்களையும் வரிசையில் வரச் சொன்னேன். பயத்திலும் ஓட்டத்திலும் மாத்திரையை விட்டுவிட்டு வருபவர்கள் அவர்கள்தான்.

முதலில் உட்கார்ந்தவர் சரசு அக்கா. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் வேலை செய்பவர், என்னிடம் பழக்கமான பிரஷர்க்காரி. கையை நீட்டினார். முழங்கைக்கு மேலே பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றும்போது வளையல்கள் குலுங்கின. புதுசு. சிவப்பும் பச்சையுமான கண்ணாடி வளையல். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிரஷர் கூடுதலாகத்தான் இருந்தது. திட்டி அனுப்பினேன். அடுத்து வந்த பெண் கையிலும் அதே சிவப்பு, அதே பச்சை. மூன்றாவதாக ஒரு பாட்டி வந்தார். காய்ப்பேறிய கையில், சதை பிதுங்க, அதே வளையல்.

பட்டையைச் சுற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன்.

"பாட்டி, யாரு வீட்ல வளைகாப்பு?"

"நம்ம லெட்சுமி மக கலாவுக்குத்தான் மிஸ்ஸி. புலாவ் செபாங்ல கட்டிக் குடுத்திருக்கில்ல, அங்கதான் போட்டாங்க. இங்கருந்து வேன் புடிச்சிப் போனோம். நல்ல சாப்பாடு."

"கலா எங்க இப்ப?"

"தலைப்பிரசவமாச்சே. அம்மா வீட்டுக்கு அழைச்சிட்டு வந்துட்டாங்க."

நம் வீடுகளில் வழக்கம் அதுதானே. வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். கலாவின் பெயர் இருந்தது புருஷன் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில். தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று அங்கே சொல்லிவிட்டுத்தான் அவள் வந்திருக்கிறாள். இனி தாய்வீட்டுப் பக்கத்து மிஸ்ஸி பார்த்துக்கொள்வார் என்று அவர்கள் நினைத்தார்கள். வந்து நாலைந்து நாள்தான் ஆகிறது, அடுத்த கர்ப்பிணிகள் நாளன்று காட்டிக்கொள்ளலாம் என்று லெட்சுமியக்கா நினைத்தார். யாரும் எதையும் மறைக்கவில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சி எங்கள் எல்லாருடைய கணக்குக்கும் நடுவில் விழுந்துவிட்டாள்.

மண்டபம் முழுக்கக் கண்ணால் தேடினேன். லெட்சுமியக்கா இல்லை. கலாவும் இல்லை.

"லாரி வந்தப்ப கூப்பிட்டோம் மிஸ்ஸி," என்றார் சரசு அக்கா. அவர் முகம் மாறத் தொடங்கியிருந்தது. "வளைகாப்புப் போட்ட பிள்ளைய லாரியில ஏத்திக்கிட்டா போறது, மருமகன் கார் எடுத்திட்டு வர்றாரு, நீங்க முன்னாடி போங்கன்னு லெட்சுமி சொல்லிட்டா. கலா வேற படுத்திருந்துச்சு. தலைவலின்னு சொன்னிச்சு."

தலைவலி. நிறைமாதத்தில், தலைப்பிரசவத்தில், தலைவலி. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பிரஷர் ஏறி மூளைக்குப் போய், வலிப்பு வந்து, தாயும் பிள்ளையும் சேர்ந்தே போன வீட்டை நான் பார்த்திருக்கிறேன். மருமகனின் எண்ணை வாங்கி அழைத்தேன். "மிஸ்ஸி, இங்க ரோடே இல்ல, போலீஸ் விடமாட்டேங்கிறான், அத்தை போனும் எடுக்க மாட்டேங்கிறாங்க," என்று அந்தப் பையன் அழுதே விட்டான்.

சிஸ்டரை அழைத்தேன். வாய் உளறியது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, "பொம்பா போட் ஒண்ணு பள்ளிக்கூடத்துப் பக்கம் வருது, நான் பேசறேன். நீயும் ஏறிக்கோ. மண்டபத்துக்கு நான் ஆள் அனுப்பறேன். ஆம்புலன்ஸோட மேட்டு ரோட்டு முனையில நிக்கிறேன்," என்றார். தீயணைப்புப் படையின் படகு அது. நாங்கள் பொம்பா என்போம்.

எனக்கு நீச்சல் தெரியாது. ஆறு என்று சொல்ல அங்கே கரை எதுவும் மிச்சமில்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே காப்பி நிறத் தண்ணீர் சுழித்து ஓடியது. சமையல் காஸ் தோம்பும் கோழிக் கூண்டும் மிதந்து வந்தன. படகில் இரண்டு மலாய்ப் பையன்கள். ஒருவன் என் உயிர்க்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டே, "ஜாங்ஙான் தாக்குத், மிஸ்ஸி," என்றான். பயப்படாதே என்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மடியில் பிரசவப் பையை வைத்துக்கொண்டு, முருகா, அவள் நினைவோடு இருக்கட்டும், நான் போகும்வரை நினைவோடு இருக்கட்டும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

லெட்சுமியக்கா வீட்டுக்குள் முட்டிக்கு மேலே தண்ணீர். இரண்டு மேசைகளைச் சேர்த்துப்போட்டு, அதன்மேல் மெத்தையை விரித்துக் கலாவைப் படுக்க வைத்திருந்தார் லெட்சுமியக்கா. தானும் ஒரு நாற்காலி மேல் ஏறி, மகளின் தலையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மிஸ்ஸி, மருமகன் அனுப்புனாரா?" என்றார். கலாவின் இரு கைகளிலும் முழங்கை வரை வளையல். முகம் ஊதியிருந்தது. பட்டையைச் சுற்றி அமுக்கினேன். நூற்று எழுபதைத் தாண்டி நின்றது. தவறாகப் பார்க்கிறேனோ என்று இன்னொரு முறை பார்த்தேன். குறையவில்லை.

"அக்கா, உடனே கிளம்பணும். போட் வாசல்ல நிக்குது."

லெட்சுமியக்கா வாசலைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். "முடியாது மிஸ்ஸி. நிறைமாசப் பிள்ளைய ஆத்துமேல கொண்டுபோகக் கூடாது. எங்க வழியில அது ஆகாது. என் தங்கச்சிய அப்படிக் கூட்டிட்டுப் போய்தான்..." மகளின் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தண்ணி வடிஞ்சிரும். இங்கயே ஊசி போடுங்க. நீங்கதான் எத்தன பிரசவம் பாத்திருக்கீங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கத்தினால் அந்த அம்மா மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்று தெரியும். "அக்கா, இது பிரசவ வலி இல்ல. பிரஷர். இங்க வலிப்பு வந்தா என் கையில மருந்து இல்ல. நான் பாத்துக்கிட்டேதான் நிக்கணும்," என்றேன். அவர் முடியாது என்றே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. வெளியே பையன் ஒருவன் தண்ணீர் ஏறுகிறது என்று குரல் கொடுத்தான்.

அப்போதுதான் கலா கண்ணைத் திறந்தாள். கையை நீட்டிக் காற்றில் தடவினாள்.

"அம்மா, எங்க நிக்கிற? எனக்கு உன் முகம் தெரியலம்மா."

அவர் அவளுக்கு நேர் எதிரில்தான் நின்றிருந்தார்.

அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. லெட்சுமியக்காவே மகளின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். போகிற வழியில் சாமித்தட்டிலிருந்து விபூதியையும், கதவுக்குப் பின்னாலிருந்து சாவிக்கொத்தையும் எடுத்துக்கொண்டார். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. கையில் கொடுங்கள், வாயில் மட்டும் எதையும் வைக்காதீர்கள் என்றேன். படகில் கலாவை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, அவள் தலையை என் தொடைமேல் வைத்துக்கொண்டேன். பேசிக்கொண்டே இரு என்றேன். பிள்ளைக்கு என்ன பெயர், புருஷன் எப்படி, வளைகாப்பில் எத்தனை வகைச் சோறு, என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு என்று சொல்லிக்கொண்டு வந்தவள் தயிர்ச்சோற்றில் நிறுத்திவிட்டாள். "கலா!" என்று கத்தினேன். மூச்சிருந்தது. உதடு இழுத்துக்கொள்கிறதா, கண் மேலே செருகுகிறதா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை இருக்கிறது, புருஷன் இருக்கிறார், இவர்கள் யாருமே எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

மேட்டு ரோட்டு முனையில் ஆம்புலன்ஸ் நின்றது. சிஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றிருந்தார். எப்போதும் கசங்காத வெள்ளை உடுப்பு முழுக்கச் சேறு. படகு முட்டியதும் கையை நீட்டிக் கலாவின் தலையைத் தாங்கிக்கொண்டார். ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் மருந்தோடு தயாராக இருந்தார். அங்கேயே ஊசி போட்டார்கள். லெட்சுமியக்கா ஏறினார். கதவு மூடியது. சிஸ்டரும் அதிலேயே போய்விட்டார்.

அதே படகில் நான் மண்டபத்துக்குத் திரும்பினேன். வேறு எங்கே போவது? சர்க்கரைக்காரர்கள் காத்திருந்தார்கள். கர்ப்பிணி யாராவது இருக்கிறீர்களா, உங்கள் வீட்டுக்கு யாராவது வந்திருக்கிறார்களா, பிள்ளை பெற வந்தவர், மருத்துவம் பார்க்க வந்தவர், விருந்தாடியாக வந்தவர் என்று ஒவ்வொரு குடும்பமாகப் போய்க் கேட்டேன். சரசு அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். "நான் இழுத்துக்கிட்டு வந்திருக்கணும் மிஸ்ஸி." நீங்கள் பிரஷருக்குக் கை நீட்டினீர்களே, அது போதும் என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. யாருக்கும் தகவல் இல்லை. என் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சாயங்காலம் ரொட்டியும் சார்டினும் கொடுத்தார்கள். என்னால் சாப்பிட முடியவில்லை.

பொழுது சாயும் முன் சிஸ்டர் வந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று பள்ளிப்பிள்ளைகளின் சின்ன நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல வலிப்பு வந்துருச்சு," என்றார். "டாக்டர்ங்க பக்கத்துலயே இருந்தாங்க. வெட்டி எடுத்துட்டாங்க. பொம்பளப்பிள்ள. சின்னதா இருக்கு, மெஷின்ல வெச்சிருக்காங்க. ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்க, ராணி." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இருவரும் அழுதோம். சுற்றி இருந்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சிஸ்டர் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். கர்ப்பிணி ஏழாம் மாதம் கிளினிக்குக்கு வந்தால் முதல் கேள்வி பிரஷர் அல்ல. வளைகாப்பு எப்போது, எங்கே, பிறகு எந்த வீட்டுக்குப் போகிறாய்? போகும் வீட்டுப் பக்கத்து மிஸ்ஸிக்கு நாங்களே போன் செய்வோம், அவர் சரி என்று சொல்லும்வரை அந்தப் பெண் எங்கள் பொறுப்பு. மலாய்க்கார மிஸ்ஸிகளுக்கு வளைகாப்பு என்றால் என்னவென்று சிஸ்டரே உட்கார்ந்து விளக்கினார். தோட்டத்து வளைகாப்புகளுக்கு எனக்கும் அழைப்பு வரத் தொடங்கியது. போவேன், சாப்பிடுவேன், கிளம்பும்போது பெண்ணின் தாயைத் தனியே கூப்பிட்டு வீட்டுப் பக்கம் தண்ணீர் ஏறுமா என்று கேட்பேன். மங்கள வீட்டில் வந்து பேசுகிற பேச்சைப் பார் என்று சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும்.

சிஸ்டர் இப்போது இல்லை. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். கீழ்ப்பிரிவு வீடுகளை இடித்துவிட்டார்கள். அங்கிருந்தவர்கள் கொஞ்சம் தள்ளிப் புது வீடுகளுக்குக் குடிபோனார்கள். இனி அங்கே யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன வாரம் மழை கொட்டியது. ஜன்னலருகே நின்றிருந்தேன். கைப்பேசி அடித்தது. எண் தெரியவில்லை.

"மிஸ்ஸி, நான் லெட்சுமி பேசறேன். கலாவோட அம்மா."

"என்னக்கா? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல லா. கலாவுக்கு ரெண்டாவது. ஏழு மாசம். புருஷன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாரு, அதான் நேத்து இங்க கூட்டிட்டு வந்துட்டேன். கிளினிக்குல அந்த திவ்யா மிஸ்ஸிகிட்ட மொதநாளே சொல்லிட்டேன். இருந்தாலும், மழை வேற இப்படிப் பெய்யுதா, நீங்க எங்கயாச்சும் உக்காந்து பயந்துக்கிட்டு இருப்பீங்கன்னு..." என்று இழுத்தார். "என் மக எங்க இருக்கான்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும் மிஸ்ஸி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலாவிடம் கொடுங்கள் என்றேன். அவள் வந்து, "நல்லா இருக்கீங்களா மிஸ்ஸி?" என்றாள்.

"தலைவலி இருக்கா?" என்று கேட்டேன்.